யார் வரியில் விழுந்தது

பங்காருப்பேட்டை தாண்டியதும் ஷைலஜா லேப்டாப்பைத் திறந்தாள். ஆபீஸ் போக ஊரிகத்தில் ரயிலேறியதிலிருந்தே அவளுக்கு உட்கார்ந்த இடம் கொதித்தது. பஸ் பாஸ் கணக்குப் போடும் புரோகிராம் நேற்று வாடிக்கையாளர் முன்னாலேயே செத்து விழுந்தது. விழுந்தது அதில் அவள் எழுதிய பகுதியில், ரிப்போர்ட் ஃபங்ஷனில். 'ஷைலஜா எழுதின கோடுதான்' என்று டீம் லீடர் கிரண் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அவள் வேலை நிரந்தரமா இல்லையா என்பது இன்றைய மீட்டிங்கில் தெரிந்துவிடும்.

"கடலை வாணாமாடி?" என்றாள் பக்கத்தில் ரெபேக்கா, கூடப் படித்தவள்.

"வாயில இன்னா போட்டாலும் கசக்குது. கம்முனு இரு."

அந்தப் புரோகிராம் எழுதப்பட்ட ஹாஸ்கெல் ஒரு சோம்பேறி மொழி. யாராவது விடை கேட்கும்வரை கணக்குப் போடாது; பொட்டலம் கட்டி அடுத்த ஃபங்ஷனிடம் தள்ளிவிடும். தன் முதல் வரியில், ஓட்டத்தை நிறுத்திப் பார்க்க ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து ஓட்டினாள். புரோகிராம் அங்கே நின்றது. சராசரிக் கட்டணம் என்னவென்று பார்த்தாள். எண் இல்லை, வெறும் அடிக்கோடு. இன்னும் பிரிக்காத பொட்டலம்! பிரிக்கச் சொன்னாள்; பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று கத்தியது.

வகுக்கும் வரி கிரணுடையது. அங்கேயும் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து மறுபடி ஓட்டினாள். நின்றது. பயணங்கள்: பூஜ்யம். பாஸ் வாங்கிவிட்டு ஒரு நாள்கூட பஸ் ஏறாத எவனோ ஒருத்தன்.

"ஊசிப்போனத கட்டிக் குடுத்தவன் அவன். பிரிச்ச பாவத்துக்கு நான் மாட்டிக்கினேன்."

"யாருடி?"

திரையைப் படம் எடுத்து கிரணுக்கு அனுப்பினாள். ஒயிட்ஃபீல்டு நெருங்கும்போது அவன் கூப்பிட்டான்.

"பார்த்தேன் ஷைலஜா. சின்ன விஷயம். உன் ஃபங்ஷன்லயே பூஜ்யமான்னு பார்க்க ஒரு செக் போட்டுடு. மீட்டிங்ல உன்னைப் பத்தி நல்லபடியா சொல்றேன்."

"அப்போ தப்பு என் பேர்லயே இருக்கட்டும், அப்டித்தான சார்?"

"ஏன் இவ்ளோ கோபம்?"

போனை வைத்தாள். அதே படத்தைக் குரூப்பில் போட்டாள். 'விழுந்தது என் வரியில். வகுத்தது இந்த வரி.'

"வேலை போயிடும்டி லூசு!" ரெபேக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"போனா போவட்டும்."

எழுந்து கதவருகே போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். கிரண் எழுதுகிறான் என்று குரூப்பில் காட்டியது, மறைந்தது, காட்டியது.

'அது என்னுடைய வரி. நான் சரிசெய்கிறேன்.'

"ஜெயிச்சுட்டியே! மூஞ்சிய ஏன் இப்டி வச்சிக்கினு இருக்க?" பின்னாலேயே வந்து போனை எட்டிப் பார்த்த ரெபேக்கா கேட்டாள்.

"வேலையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே அவன்."

மீட்டிங்கில் முடிவு சொல்லப்போகும் மேனேஜருக்கு அவளே எழுதினாள்: 'என் வேலை நிரந்தரமா, இல்லையா? இன்றே தெரிய வேண்டும்.' தனக்கே யோசிக்க நேரம் கொடுக்காமல் அனுப்பினாள்.