இரும்புக்கு இன்னா ஆவும்

சுதர்சனா ஈரத்துணியால் நைனாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கண் திறந்தார். காலை பத்து மணி. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று செஞ்சி வீட்டுக்குக் கூட்டிவந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அவள் அப்பா சாந்திநாதன் நெல் வியாபாரி. மகள் அணு உலையில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம். ஊருக்கு வந்தால் சாப்டியா என்பார், பஸ் கெடச்சுதா என்பார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை அந்த வேலையைக் காரணம் சொல்லித் திரும்பிப் போனபோதும் அவர் வாய் திறக்கவில்லை.

"அங்க இன்னாதான் பண்ற நீ?" என்றார் இப்போது.

அவள் துணியைக் கிண்ணத்தில் போட்டாள். "உலையில இருக்குற இரும்ப டெஸ்ட் பண்றேன் நைனா."

"இரும்புக்கு இன்னா ஆவும்?"

"உள்ள நியூட்ரான்னு துகள் பறந்துக்கினே இருக்கும். இரும்புல பூந்து அணுவ இடிச்சு எடத்த விட்டுத் தள்ளிடும். தள்ளுனதுல முக்காவாசி ஒடனே எங்கியாவது ஒரு காலி எடத்துல ஒக்காந்துக்கும். மிச்சம் ஒக்காராது. வருஷக்கணக்கா இப்படியே ஆனா இரும்பு இறுகிடும். வளைய வேண்டிய நேரத்துல ஒடஞ்சிடும்."

"பாத்தா தெரியாதா?"

"தெரியாது. அதே இரும்புல சின்னத் துண்டுங்கள உள்ள வெச்சிருப்பாங்க. அப்பப்ப ஒண்ண எடுத்து ஒடச்சுப் பாப்போம்."

அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இரும்பே அப்படின்னா, உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஆவாது நைனா. ரெண்டு மொழம் கனத்துக்குக் கண்ணாடி இருக்குது. அதுக்கு இந்தாண்ட நின்னுதான் வேலை. மெஷின் கைதான் துண்டத் தொடும்."

"ரெண்டு மொழமா?"

அவள் இரண்டு கைகளையும் விரித்து அளந்து காட்டினாள். அவர் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். பதினொன்றரைக்கு மூச்சு நின்றது.

மேல்சித்தாமூரிலிருந்து அண்ணன் ஜினேஷ் சொந்தக்காரர்களோடு வந்து சேர்ந்தான். மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் குளித்து முடித்தபோது வீடு காலியாக இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் தூக்குச்சட்டியில் இட்லி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"கடைசியா இன்னா பேசினாரு?" என்று அம்மா தனலட்சுமி கேட்டாள்.

"என் வேலையப் பத்திக் கேட்டாரும்மா."

தூக்கின் மூடியைத் திறக்கப் போன அம்மாவின் கை அப்படியே நின்றது.

"சொன்னியா?"

"சொன்னேன்."

ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. பொழுது சாய்ந்தபின் அந்தச் சமண வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அம்மா ஒரே தட்டில் நான்கு இட்லியை எடுத்து வைத்தாள். இருவரும் அதிலிருந்தே பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார்கள்.