இரண்டாவது சீட்டு

இரவு வேலை முடிந்து ஏறிய வேன் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியது. அங்கேதான் வாக்குச்சாவடி.

ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் எனக்கு வேலை. ஈர விரிப்பைச் சூடான உருளைகளுக்கு நடுவே சுருக்கமில்லாமல் செலுத்த வேண்டும். விரிப்பு உள்ளே போகலாம், விரல் போகக் கூடாது. படிப்பை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த என்னை அக்காதான் அங்கே சேர்த்துவிட்டாள். அவளுக்கு மடிப்பு மேசையில் வேலை. நான் ஏடாகூடமாக எதையாவது செய்தால் அவளையும் சேர்த்து அனுப்பிவிடுவோம் என்று முதல் நாளே சொல்லித்தான் எடுத்தார்கள்.

வேனில் மேற்பார்வையாளர் எழுந்து நின்றார். சட்டை எப்போதும் விறைப்பாக இருப்பதால் அவருக்குக் கஞ்சி என்று பெயர். முகத்துக்கு நேரே அண்ணன்.

“ஏணிக்கு நேரா முத்திரையைக் குத்து. படம் எடு. எனக்கு அனுப்பு. அப்புறமா மடிச்சுப் பெட்டியில போடு. படம் வரலேன்னா நாளைக்கு நீயும் வர வேணாம். குடைப் பக்கம் கண்ணுகூடப் போகக் கூடாது.”

ஏணிச் சின்னத்தில் நின்றவர் முதலாளியின் மச்சான்.

“உள்ள போன் கொண்டு போகக் கூடாதுன்னு சொல்றாங்களே அண்ணே?” என்று கேட்டான் ஒட்டடை. நெட்டையாக, ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். உருளையின் மறுபக்கம் விரிப்பை வாங்குகிறவன் அவன்தான்.

“சாக்ஸுக்குள்ள வை. எடுக்கும்போது சத்தமா இருமு.”

“இருமல் வரலேன்னா?”

“நான் வரவைக்கிறேன்.”

சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

சும்மா விட்டிருந்தால் நான் ஓட்டே போட்டிருக்க மாட்டேன். வீட்டுக்குப் போய்க் கவிழ்ந்து படுத்திருப்பேன். குடைச் சின்னத்துப் பெண்மணி நல்லவரா கெட்டவரா என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பார்க்கக்கூட வேண்டாம் என்று ஒருவர் சொன்னதும் எனக்கு அந்தக் குடை ஒன்றுதான் கண்ணில் நின்றது.

பள்ளிக்கூட வாசலில் ஒரு டிவி பெண் ஒலிவாங்கியை நீட்டினாள். “இந்தத் தடவை காலையிலேயே இவ்வளவு இளைஞர்கள் வந்திருக்கீங்களே, என்ன காரணம்?”

“வேன்தான் மேடம்” என்றான் ஒட்டடை.

கஞ்சி பாய்ந்து வந்து அவன் தோளில் கை போட்டார். “விளையாட்டுப் பையன். நாட்டு மேல அக்கறைன்னு சொல்லுடா.”

“நாட்டு மேல அக்கறை மேடம். இப்பத்தான் அண்ணன் குடுத்தாரு.”

தோளில் இருந்த கை இறுகியதை நான் பார்த்தேன்.

பெண்கள் வரிசை வேகமாக நகர்ந்தது. அக்கா போட்டுவிட்டு வெளியே வரும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். “சொன்னதைச் செய்டா. உன் மூளையைக் கசக்காதே.”

வரிசை நின்ற சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வேறு பார்க்க எதுவுமில்லாததால் அதைப் படித்தேன். வாக்குச்சீட்டு தவறிப் பாழாகிவிட்டால், பெட்டியில் போடும் முன் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு பெற்றுக்கொள்ளலாம். படித்திருக்கவே வேண்டாம். அதுவரை வெறும் தூக்கக் கலக்கம். அதற்குப் பிறகு தூக்கம் போன இடம் தெரியவில்லை.

உள்ளே மேசைக்குப் பின்னால் தடித்த குரலோடு ஓர் அம்மா, அலுவலர். அவர் பக்கத்தில் ஏணியின் முகவராக உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஆலைக் கணக்கர். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முத்திரை குத்தும் மறைப்புக்குள் போகிறவர்கள் எல்லாரும் இருமினார்கள்.

“என்ன, எல்லாருக்கும் சளியா?” என்றார் அந்த அம்மா. கணக்கர் மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

மறைப்புக்குள் போனதும் சாக்ஸிலிருந்து போனை எடுத்தேன். வியர்வையில் வழுக்கியது. ஏணிக்கு நேரே குத்தினேன். இருமினேன். படம் எடுத்து அனுப்பிவிட்டேன். கஞ்சி பார்த்துவிட்டார் என்று திரை காட்டியது. வேலை முடிந்தது. பெட்டியில் போட்டால் அக்காவோடு வீட்டுக்குப் போகலாம்.

சீட்டை மடித்துக்கொண்டு பெட்டி வரைக்கும் நடந்தேன். கை உள்ளே போடவில்லை.

“போடுப்பா, பின்னாடி ஆள் நிக்குது” என்றார் அந்த அம்மா.

“மேடம்... தப்பாயிடுச்சு. வேற சீட்டு வேணும்.”

கணக்கர் நிமிர்ந்தார். “என்ன தம்பி ஆச்சு?”

“கை நடுங்கிடுச்சு சார். ரெண்டு கட்டத்துல பட்டுருச்சு.”

“என்கிட்ட காட்டாதே, மடிச்சே குடு” என்றார் அந்த அம்மா. வாங்கி, சீட்டின் பின்பக்கத்தில் எதையோ எழுதி, ஓர் உறைக்குள் போட்டுவிட்டுப் புதுச்சீட்டைக் கிழித்தார். “முதல் ஓட்டா? மெதுவா போடு.”

மறுபடி மறைப்புக்குள் போன பிறகுதான் உறைத்தது. கஞ்சிக்குப் போன படத்தில் ஒரே ஒரு குறி, அச்சடித்தது போலச் சுத்தமாக இருக்கிறது. கணக்கரிடம் நான் சொன்னதோ இரண்டு கட்டம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினால் போதும். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தச் சீட்டிலும் ஏணிக்கே குத்தி இன்னொரு படம் அனுப்பினால் தப்பிக்கலாம். முத்திரையை ஏணிக்கு மேலே கொண்டுபோனேன். பிறகு குடையில் குத்தினேன். வீரம் ஒன்றும் இல்லை. இன்னும் யோசித்தால் ஏணிக்கே போய்விடுவேன் என்று பயந்து அவசரமாகக் குத்தினேன்.

பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பியபோது, அடுத்த மறைப்பிலிருந்து ஒட்டடை வந்தான்.

“மேடம், எனக்கும் தப்பாயிடுச்சு.”

“உனக்கு என்ன?”

“அவன் நடுங்கினதைப் பாத்தேன். எனக்கும் ஒட்டிக்கிச்சு.”

நான் வாசலைத் தாண்டும்போது இஸ்திரிப் பிரிவுப் பெண் ஒருத்தி அதையே சொல்வது கேட்டது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தன்.

வேனுக்கு வெளியே கஞ்சி போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் கணக்கர் என்று அவர் முகமே சொன்னது. பேசி முடித்து, என் படத்தைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

“இதுல எங்கடா ரெண்டு கட்டம்?”

அக்கா வேன் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

“உன்னைத்தான் கேக்கறேன். உன்னைப் பாத்து எத்தனை பேரு ரெண்டாவது சீட்டு வாங்கியிருக்கான் தெரியுமா? அக்காவும் தம்பியும் பிழைப்பை...”

அவர் போன் மறுபடி அடித்தது. பெயரைப் பார்த்ததும் அந்த விறைப்புச் சட்டைக்குள் ஆள் சுருங்கினார். முதலாளி.

“ஐயா... ஆமாங்கய்யா. எல்லாரும் போட்டாச்சு.” என்னைப் பார்த்தார். உதட்டை நக்கிக்கொண்டார். “படம் எல்லாம் வந்துருச்சுங்கய்யா. ஒண்ணுகூடப் பிசகல. முழுக்க நமக்குத்தான்.”

போனை வைத்த பிறகும் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முதலாளிக்கு உண்மை தெரிந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர் அவர்தான். அது எனக்கும் புரிந்தது, எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்தது. அதனால் என் பயம் குறையவில்லை. பயந்தவன் கையில் மாட்டிக்கொள்வது இன்னும் மோசம். ஓட்டு எண்ணுகிற நாள் வரைக்கும் அவர் பேச மாட்டார். ஏணி தோற்றால் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு பெயர் வேண்டும். என் பெயர் தயாராக இருந்தது.

“ஏறித் தொலை” என்றார்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். வேன் கிளம்பியதும் என் தொடையில் நகம் பதியக் கிள்ளினாள்.

“அக்கா, நான் ரெண்டாவது சீட்டுல...”

“வாயை மூடு” என்றாள், முன்னால் தெரிந்த கஞ்சியின் பிடரியைப் பார்த்தபடி. “எனக்குத் தெரிய வேணாம். என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. தெரிஞ்சா என் மூஞ்சி காட்டிக் குடுத்துரும்.”