ஃப்ரீசரில் ஒரு குளம்

அக்காவின் ஹார்ட் டிஸ்க் பதினோரு மணி நேரம் ஃப்ரீசரில் இருந்தது. வேலை முடிந்து வந்து ஐஸ் எடுக்கக் கதவைத் திறந்தேன். பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளை பூத்துக் கிடந்தது.

அதற்குள் ஒரு குளம் இருந்தது. அக்கா தவளைகளின் குரலை ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டு மழைக்காலம் முழங்கால் சேற்றில் நின்று பதிவு செய்தவை எல்லாம் அதில்தான். இப்போது குளத்தை மூடி, கார் நிறுத்தும் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். மறுபடி பதிவு செய்ய அங்கே தவளையும் இல்லை, தண்ணீரும் இல்லை. அடுத்த வாரம் ஆய்வைச் சமர்ப்பிக்க வேண்டும்.

அன்று காலை டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டு, பிறகு திறக்கவே மறுத்திருக்கிறது. குளிரில் வைத்தால் உயிர் வரும் என்று இணையத்தில் எவரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

யார் வைத்தது என்று கேட்டேன். அக்கா தன் கணவரைப் பார்த்தாள். மாமா அக்காவை ஒரு கணம் பார்த்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"நனைஞ்ச போனை அரிசியில புதைச்சவர்தானே நம்ம மாப்பிள்ளை? வேற யாரு."

"ஆமா அத்தை. அடுத்து டிவியை ஊறப்போடலாம்னு இருக்கேன்" என்றார் மாமா.

நான் பௌதிகம் படித்துவிட்டு ஒரு கணினி சர்வீஸ் கடையில் பின்னறையில் வேலை பார்க்கிறேன். அங்கே வாடிக்கையாளரிடம் பேச வேண்டியதில்லை. வீட்டிலும் அதிகம் பேசமாட்டேன். அன்று மட்டும் டிஸ்க்கை யாரும் தொடக் கூடாது என்றேன். குளிரிலிருந்து எடுத்தவுடன் மின்சாரம் கொடுத்தால், உள்ளே கோத்த ஈரமே பதிவைத் தாங்கும் தட்டுகளைக் கெடுத்துவிடும். உறையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டேன். பிறகு, செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேகரித்து, காற்றுப் புகாத டப்பாவில் அவற்றோடு டிஸ்க்கை மூடி வைத்தேன்.

இன்னொரு பிரதி வைத்துக்கொள் என்று அக்காவிடம் போன வருடமே சொல்லியிருந்தேன். வைத்தாயா என்று கேட்டேன். வைத்திருக்கிறேன் என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்கே என்றேன்.

"அதே டிஸ்க்லதான். 'பத்திரம்'னு தனி ஃபோல்டர்."

மாற்றுச் சாவி செய்து அதே வளையத்தில் மாட்டி வைத்த கதைதான். மாமா வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஒரு நாள் கழித்துக் கடைக்கு எடுத்துப் போனேன். அக்காவும் மாமாவும் முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். பழுதுபார்க்கும் மென்பொருள் எதையும் அதன்மேல் ஓட்டவில்லை. மறுபடி டக் டக் கேட்டால் உடனே நிறுத்தி, தூசி புகாத அறை உள்ள மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு. ஒரே ஒரு முறை அடித்தது. என் விரல் சுவிட்சுக்குப் போய்விட்டது. பிறகு சீராகச் சுழன்றது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் புது டிஸ்க்குக்கு இழுத்தேன். சிக்கிய இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயன்றேன்.

ஒன்பது பதிவுகள் திறக்கவில்லை. அவற்றில் ஒன்று, குளத்தை மூடுவதற்கு முன் கடைசியாகப் பதிவு செய்தது. அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

அப்போதுதான் 'பத்திரம்' ஞாபகம் வந்தது. அதே ஒன்பதும் டிஸ்க்கில் வேறொரு மூலையில் இருந்தன. பழுது அந்த மூலைக்குப் போகவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்பதும் திறந்தன.

கடைசிப் பதிவை ஒலிபெருக்கியில் போட்டேன். அறை முழுக்கத் தவளைகள். முன்பக்கம் நின்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே குழாய் உடைந்தது என்று முதலாளி தலையை நீட்டினார்.

"எல்லாம் வந்துடுச்சு" என்றேன். என் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்கே தெரியாது. மாமா கை தட்ட, முன்பக்கத்திலும் காரணம் தெரியாமல் யாரோ தட்டினார்கள்.

மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று பல்கலைக்கழகத்துக்கு. போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னோம். சந்தோஷப்பட்டுவிட்டு, மாப்பிள்ளை கையில் மட்டும் எதையும் கொடுத்துவிடாதீர்கள் என்றாள். மாமா வழக்கம்போலச் சிரித்தார்.

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அம்மா, அவரை ஒண்ணும் சொல்லாதே. ஃப்ரீசர்ல வச்சது நான்தான்."