கோணல் கேசட்

திருவிடந்தை நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கியபோதே அன்பரசிக்கு, எதிர்ப்பக்கம் போய் நின்று அடுத்த வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊறவைத்த துணி மதுராந்தகத்தில் பக்கெட்டிலேயே கிடக்கிறது. நாளை விடிந்தால் தையல் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். காலையிலிருந்து வயிற்றுக்குள் போனது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் குடித்த ஒரு டீதான்.

"இன்னாம்மா நின்னுட்ட? வா" என்று முன்னால் போய்க்கொண்டிருந்த மகள் சிநேகா திரும்பிக் கூப்பிட்டாள். அவள் தோள்பையில், கைக்குட்டையில் சுற்றிய கேசட் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். அதைப் பத்திரப்படுத்துவதைப் பார்த்தால் உள்ளே தங்கம் இருப்பதாகத்தான் எவனும் நினைப்பான். பின்னால் அன்பரசியின் கணவன் ஸ்டான்லி, கடற்காற்றில் மணல் வந்து விழுந்துவிடாதபடி கழுத்துத் துளையைத் துணியால் பொத்திக்கொண்டு நடந்தான்.

விஷயம் இதுதான். ஸ்டான்லிக்குக் குரல் இல்லை. தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்து, மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டபோது சிநேகாவுக்கு ஒன்றரை வயது. அப்போது அவர்கள் வீட்டிலிருந்த போனில் பேசலாம், அவ்வளவுதான். அந்தக் குரலை யாரும் எதிலும் பிடித்து வைக்கவில்லை. உதட்டை அசைத்தும் கையைக் காட்டியும் பெண்ணை வளர்த்து ஆளாக்கிவிட்டான். அடுத்த மாதம் அவள் நர்சிங் படிக்க விடுதிக்குப் போகிறாள். போவதற்குள் அப்பாவின் குரலை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நியாயமான ஆசைதான். நியாயமான ஆசைகள்தான் ஆளை அலைய வைக்கின்றன.

கல்யாண சிடி வீட்டில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் காலத்து வீடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம். மனிதர்கள் பேசுவதை யார் கேட்கப் போகிறார்கள் என்று, தொடக்கம் முதல் கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு அடைத்துவிடுவார்கள். கோயிலில் தேவனுக்கு முன்பாகச் சொன்ன உறுதிமொழி மேலேகூட ஒரு டூயட் ஓடியது. வரவேற்பு மேடையில் ஸ்டான்லி வாயைத் திறந்தால் யாரோ பாடகர் பாடினார். ஸ்டான்லி சிலநாள் அதைப் போட்டுப் பார்ப்பான். மேடையில் ஓர் இடம் வந்ததும் ரிமோட்டால் பின்னுக்கு இழுப்பான், பார்ப்பான், மறுபடி இழுப்பான். உதடுகள் லேசாக அசையும். "அந்தப் பாட்டு மேல அப்டி இன்னா ஆசையோ" என்று அன்பரசி அடுப்படியிலிருந்து சலித்துக்கொள்வாள்.

பாட்டு ஏற்றாத மூலக் கேசட் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அன்பரசியின் அண்ணன் ஆல்வின் அப்போது மஸ்கட்டிலிருந்து ஒரு கேமரா கொண்டு வந்திருந்தார். தன் கேமராவிலேயே தங்கை கல்யாணத்தைப் பார்க்கிறேன் பேர்வழி என்று வீடியோக்காரர் கோதண்டராமனிடம் ஒரு கேசட்டைக் கேட்டு வாங்கிப் போனார். இவருடைய கேமரா ஒரு கம்பெனி, அவருடையது வேறு கம்பெனி. படத்துக்குப் பதில் கலர் கலராகக் கட்டங்கள் வந்தன. அலுத்துப்போய் பீரோவில் எறிந்தார். எறிந்ததால் பிழைத்தது. மற்ற கேசட்டுகளின் மேலெல்லாம் கோதண்டராமன் அடுத்தடுத்த கல்யாணங்களை எடுத்துத் தீர்த்துவிட்டார்.

தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பெரிய டெக்கில் போட்டார்கள். திரை நீலமாக நின்றது, ஒரு கட்டம்கூட வரவில்லை. மாமல்லபுரத்தில் ஒருவரின் கேமராவில் கட்டங்களும் கறக் கறக் என்ற சத்தமும் வந்தன. அவர்தான் நோயைச் சொன்னார். செலவை மிச்சம் பிடிக்க, ஒரு மணி நேரக் கேசட்டில் ஒன்றரை மணி நேரத்தை அடைத்திருக்கிறார்கள். அதற்கென்று கேமராவில் ஒரு வசதி உண்டாம். அப்படி நெருக்கி எடுத்தது வேறு கம்பெனி மிஷினில் ஓடாது. அதே கம்பெனியின் இன்னொரு கேமராவில்கூட ஓடும் என்று சொல்ல முடியாது. எடுத்த கேமராவிலேயே போட்டால் உண்டு. அச்சரப்பாக்கத்தில் இப்போது லாரி விட்டுக்கொண்டிருக்கும் கோதண்டராமனைப் பிடித்து விசாரித்ததில், கேமராவைத் திருவிடந்தை நரசிம்மனிடம் எப்போதோ விற்றுவிட்டதாகத் தெரிந்தது.

நரசிம்மன் ரிசார்ட்டுகளில் ட்ரோன் பறக்கவிட்டுக் கல்யாணம் எடுக்கிறவர். வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்கக்கா, வாங்கண்ணா. நீங்க போன் பண்ணதுலேர்ந்து இதே வேலையாத்தான் கீறேன். பரண்லேர்ந்து எறக்கி, தொடச்சி, எல்லாத்தையும் செட் பண்ணி வெச்சிட்டேன். பாருங்க" என்று தன்னுடைய கேசட் ஒன்றைப் போட்டுக் காட்டினார். டிவியில் படம் கண்ணாடி போல வந்தது. சிநேகா கைதட்டினாள். அன்பரசிக்குக்கூட அலுப்பு கொஞ்சம் விலகியது.

பிறகு அவர்களுடைய கேசட்டைப் போட்டார். கட்டங்கள்.

துடைத்துவிட்டுப் போட்டார். கட்டங்கள். தலையைச் சொறிந்தார், கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அய்யய்யோ. அக்கா, தப்பு பண்ணிட்டேன். இந்தக் கேமரால டேப்பு கொஞ்சம் கோணலா ஓடிக்கினு இருந்துது. கோதண்டம் அண்ணன் கையில இருக்கச் சொல்லவே அப்டித்தான். நீங்க வர்றீங்களேன்னு அத்த நேராக்கிட்டேன். இப்ப ஊர்ல இருக்கற கேசட்டெல்லாம் ஓடும். கோணலா எடுத்த உங்க கேசட்டு மட்டும் ஓடாது."

"உங்கள யாரு நேராக்கச் சொன்னது?" அன்பரசி கத்தியே விட்டாள். சொன்ன மறுகணம் கூசியது. முன்பின் தெரியாத மனிதர், ஒரு நன்மைக்குத்தானே செய்தார்? ஆனால் நன்மை செய்கிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் என்ன குறைந்துவிடும்?

"மறுபடி கோணலாக்கிடறேன். எவ்ளோ கோணல்னுதான் தெரியாது. செத்த பொறுமையா இருங்க" என்றார் நரசிம்மன். கேமராவின் மூடியைக் கழற்றினார். உள்ளே நாடா சாய்ந்து ஓடும் குட்டித் தூண் ஒன்று. கேசட்டை ஓடவிட்டு, அந்தத் தூணின் தலையைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருக ஆரம்பித்தார். இந்தப் பக்கம் திருகினால் கட்டம். அந்தப் பக்கம் திருகினால் கட்டம். வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. சிநேகா போனைக் கையில் பிடித்தபடி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் சிநேகா, வூட்டுக்குப் போலாம்" என்றாள் அன்பரசி. "எனக்கு ஒடம்புல தெம்பு இல்ல."

உடம்பு மட்டுமல்ல. அவளுக்குப் பயமாகவும் இருந்தது. அந்தக் குரல் அவளுக்கு மறந்துபோய் எத்தனையோ வருடமாகிவிட்டது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா குரல் எப்படிம்மா இருக்கும் என்று சின்ன வயதில் சிநேகா கேட்கும்போதெல்லாம், கனமா இருக்கும், சபையில் பாடினால் பின் பெஞ்சு வரைக்கும் கேட்கும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவள் சொன்னது மட்டும்தான் அவளிடம் மிஞ்சியிருந்தது.

டிவி கறகறத்தது. கட்டங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆண் குரல், கனமாக, பக்கத்தில் நின்று பேசுவது போல வந்தது. "பந்தி போட்டாச்சி, எல்லாரும் சாப்ட்டுதான் போவணும், சொல்லிட்டேன்."

அன்பரசி வாயைப் பொத்திக்கொண்டு உடைந்து அழுதாள். "இதான்டீ. இதான் உங்கப்பா."

சிநேகா பாய்ந்து போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ஸ்டான்லி அவள் கையை மெல்ல விலக்கினான். இல்லை என்று தலையாட்டினான். ஒரு கண்ணை மூடி, கேமராவைத் தோளில் வைத்துப் பிடிக்கிற மாதிரி காட்டினான்.

நரசிம்மன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஆமாக்கா. இது கோதண்டம் அண்ணன் கொரலு. மைக்கு அவுரு வாயாண்டதான இருக்கும்."

சிநேகா அம்மாவைப் பார்த்தாள், பிறகு நாகரிகமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அன்பரசிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. கட்டினவனின் குரலை எவனோ வீடியோக்காரன் குரலிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதற்கு ஒரு அழுகை வேறு.

ஸ்டான்லி எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினான். நரசிம்மனைப் பார்த்து, திருகாதே, அப்படியே பிடி என்று சைகை காட்டினான். நாற்காலியை டிவிக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரையில் கட்டங்கள் ஓடின, நடுநடுவே ஒரு பொட்டு படம் தங்கியது. பச்சைப் புடவையின் தலைப்பு ஒன்று, யார் கையிலோ பரிசுப் பெட்டி ஒன்று. அவன் அவற்றை எதிர்பார்த்திருந்தவன் போலத் தலையசைத்துக்கொண்டே வந்தான். கண்ணாடி போட்ட ஒரு பாதி முகம் வந்ததும் விரலை உயர்த்தினான். பிறகு டிவிக்கு முதுகைக் காட்டி மகள் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தான்.

"மாலைய கயட்டிடட்டுமாப்பா? கய்த்துல அரிக்குது."

மெலிந்த குரல். கொஞ்சம் மூக்கால் வருகிற, அவசரப்படுகிற குரல். அன்பரசி இவ்வளவு காலம் சொல்லி வந்ததில் ஒன்றுகூட அதில் இல்லை. டிவியிலிருந்துதான் வந்தது, ஆனால் ஸ்டான்லியின் உதடுகள் ஒவ்வொரு எழுத்துக்கும் சரியாகப் பொருந்தி அசைந்தன. அறைக்குள் அவனே பேசினான்.

சிநேகா கையிலிருந்த போன் டிவியைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

அவன் பாட்டுக்காக ரிமோட்டை இழுக்கவில்லை என்பது அப்போதுதான் அன்பரசிக்கு உறைத்தது. பாட்டுக்கு அடியில் கிடந்த தன் பேச்சை, மறந்துவிடாமல் இருக்க, அவன் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்திருக்கிறான். இவள் அடுப்படியில் நின்று சலித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஸ்டான்லி அவள் பக்கம் திரும்பினான். மறுபடி வாயைத் திறந்தான்.

"அன்பு, நீ சாப்ட்டியா?"

குரலும் உதடும் ஒன்றாக வந்தன. அதற்கு அன்றைக்கு அவள் என்ன பதில் சொன்னாளோ, அதைக் கேட்பதற்குள் நரசிம்மனின் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிவிட்டது. திரை முழுக்கக் கட்டங்கள் விழுந்தன. "ஐயோ, சாரிக்கா, இன்னொரு வாட்டி பிடிக்கறேன்" என்று அவர் பதறினார்.

அன்பரசி ஸ்டான்லியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தான்.

"இல்லீங்க" என்றாள். "காலைலேர்ந்து இன்னும் ஒண்ணும் சாப்புடல."