படகு மோட்டாரின் ஆயில்

புயல் கரையைக் கடந்து மூன்று நாளாகிவிட்டது. முடிச்சூர், பெருங்களத்தூர், இரும்புலியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மரம் விழுந்து கிடந்தது. ஹில்டாவின் போன் ஓயவே இல்லை. பகல் முழுக்க மரம் அறுக்கும் மெஷினைப் பிடித்து, ராத்திரி சோற்றைப் பிசையக்கூட அவளுக்கு விரல் மடங்கவில்லை.

மெஷின் அவள் புருஷன் சாலமன் வாங்கியது. போன வருஷம் சேலையூரில் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் அவனுக்கு வலது தோள் போய்விட்டது. அதன் பிறகு ஸ்டார்ட் செய்யும் கயிற்றை அவனால் இழுக்க முடியவில்லை. கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். யாரும் நிலைக்காமல் போகவே ஹில்டாவே மெஷினைத் தூக்கினாள். சாலமனுக்கு மிஞ்சியது பெட்ரோலில் டூ-டி என்கிற டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்து கொடுக்கும் வேலைதான். அதில் மட்டும் அவன் யாரையும் கைவைக்க விடமாட்டான்.

அன்று காலையில் அந்த ஆயில் தீர்ந்துவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் வழக்கமாக வாங்கும் கடையில் போய் நின்றாள். மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், நாளைக்குத்தான் லோடு வரும் என்றார் கடைக்காரர். பைக்குக்கு ஊற்றுகிற ஆயில் இருந்தது. அதைப் பெட்ரோலில் கலந்தால் மெஷின் கரி பிடித்து நின்றுவிடும் என்று அவளுக்கே தெரியும். வெறுங்கையோடு திரும்பினாள். ஒரு நாள் படுத்துக் கிடக்கலாம் என்பதில் உள்ளூரக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

வீட்டுக்குள் நுழைவதற்குள் ரமாவின் போன் வந்தது. முடிச்சூரில் ஒரு காலனியில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சர் அவர். வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு தூங்குமூஞ்சி மரம் விழுந்து கிடக்கிறதாம். கணவர் லக்ஷ்மிநாராயணனுக்கு நேற்றே டயாலிசிஸ் நடந்திருக்க வேண்டும். கால் வீங்கி, இப்போது மூச்சும் வாங்குகிறது. ஆம்புலன்ஸ் தெருமுனை வரைக்கும் வரும். நடக்க முடியாதவரை அந்தக் கிளைகளுக்குள் எப்படிக் கொண்டுபோவது?

ஹில்டாவின் கண் கட்டிலுக்கடியில் இருந்த கேன் மேல் போனது. கோவளத்தில் மீன்பிடிக்கும் அவள் தம்பி பென்னி கொண்டுவந்த படகு மோட்டார் ஆயில் அது. புயலுக்கு முன்னால் படகைக் கரையேற்றிவிட்டு, இதுவும் டூ ஸ்ட்ரோக் ஆயில்தான் அக்கா என்று சொல்லி ஆசையாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

“அது வேணாம் ஹில்டா,” என்றான் சாலமன். “படகு மோட்டாரு கடல் தண்ணிய இழுத்து ஆத்திக்குது. அந்தக் கொறஞ்ச சூட்டுக்குத்தான் அந்த ஆயிலு. நம்ம மெஷினு வெறும் காத்துல ஓடுது. இது தாங்காது.”

“வேற ஆயில் கீதா? சொல்லு.”

அவன் காலி ஆயில் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தான்.

“வுட்டு வுட்டு அறுக்கறேன். வழி மட்டும் எட்து குட்துட்டு வந்துர்லாம்.”

சாலமன் கேனைத் திறந்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிக் கலந்தான்.

வாடகை லோடு ஆட்டோவில் போய் இறங்கினார்கள். மெஷின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. புகை அதிகம், ஆனாலும் கிளைகள் விழுந்தன. சொன்னபடியே நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டாள். நிறுத்தியதைத் திரும்ப ஸ்டார்ட் செய்யத்தான் உயிர் போனது. கடைசியாக அடிமரம் மட்டும் வாசலுக்குக் குறுக்கே கிடந்தது. பாதி அறுத்தபோது சத்தம் மாறியது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. நிறுத்திவிட்டால் மறுபடி கயிற்றை இழுக்கக் கையில் தெம்பில்லை என்பதும் தெரிந்தது. அப்படியே அழுத்தினாள். மெஷின் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு நின்றது. கயிறு அசையவே இல்லை.

மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரமா, “ஆயிடுத்தா ஹில்டா?” என்று கேட்டார்.

சாலமன் வந்து மெஷினைத் தொட்டுப் பார்த்தான். சூட்டில் உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துவிட்டது. லோடு ஆட்டோவுக்குப் போய், இரண்டு பேர் பிடித்து இழுக்கும் நீள ரம்பத்தை எடுத்து வந்தான். எதிர்ப்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து, இடது கையால் பிடியைப் பற்றினான்.

“இழு,” என்றான்.

அவள் இழுத்தாள், அவன் இழுத்தான். முதலில் ரம்பம் கோணிக்கொண்டு சிக்கியது. பிறகு மெல்ல ஓட ஆரம்பித்தது. அவன் முகத்தில் வலி தெரிந்த போதெல்லாம் அவள் நிறுத்தப் பார்த்தாள். அவன் விடவில்லை. அடிமரம் முறிந்து விழுந்ததும் அக்கம்பக்கத்து ஆண்கள் ஓடிவந்து உருட்டிவிட்டார்கள். அந்த இடைவெளி வழியாக லக்ஷ்மிநாராயணனை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். ரமா பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனார். ஹில்டாவைக் கடக்கும்போது அவள் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

ஆம்புலன்ஸ் சத்தம் தேய்ந்த பிறகு இரண்டு பேரும் ஈரமரத்தின் மேலேயே உட்கார்ந்தார்கள்.

“நீ சொன்ன. நாந்தான் கேக்கல,” என்றாள் ஹில்டா.

சாலமன் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான். பிறகு, “ஆயிலாலதான் போச்சுன்னு பென்னி கைல சொல்லிகினு இருக்காத,” என்றான். “பாவம், ஆசையா எட்துகினு வந்தான்.”

மெஷின் போனதற்கு வராத அழுகை அப்போது அவளுக்கு வந்தது. அழவும் களைப்பாக இருந்தது. மடியில் போன் மறுபடி அடித்தது. சாலமன் அதை எடுத்து, மெஷின் ரிப்பேர், இன்றைக்கு வர முடியாது, நாளைக்கு எப்படியென்று தெரியாது என்று சொல்லிவிட்டு அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். ஹில்டா அவன் நல்ல தோளில் சாய்ந்தாள். லோடு ஆட்டோக்காரன் கிளம்பலாமா என்று கேட்டதற்கு, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி சாலமன் கையைக் காட்டினான். அவள் தூங்கிவிட்டிருந்தாள்.