ஆடம் கெல்லர் பரம்பரை விசாரிப்பு

கலியாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளை ஊரில் இருந்தால் ஊரில் விசாரிப்பார்கள், ஒஸ்லோவில் இருந்தால் ஒஸ்லோவில் விசாரிப்பார்கள். என் அத்தான் உருத்திரமூர்த்தி ஒருபடி மேலே போனார். மாப்பிள்ளை அமெரிக்க வெள்ளைக்காரன் என்றதும் அவன் பரம்பரையை ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரைக்கும் தோண்டி, கலியாணத்தையே நிறுத்தப் பார்த்தார்.

என் அக்கா கமலநாயகிக்கும் அத்தானுக்கும் ஒரே மகள் கம்சனா. நாங்கள் இருக்கிறது ஜெர்மனியில், ஹாம் நகரில். அவள் டார்ம்ஸ்டாட்டில் படிக்கப் போன இடத்தில் பென்ஜமின் கெல்லரைப் பிடித்துக்கொண்டாள். பென்சில்வேனியாப் பெடியன். அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான், எங்கள் புட்டைக் கையால் குழைத்துச் சாப்பிடுவான், எனக்கு அவனில் ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் தாலி கட்டுவது, பிறகு இருவரும் அமெரிக்காவுக்குப் போவது என்று பேச்சாகி, அக்கா ஐயரிடம் நாளும் குறித்து வந்துவிட்டாள். அத்தான் மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"விசாரிச்சிட்டுச் சொல்றன்" என்றார்.

ஹாம் நகரில் விசாரிப்புக்கென்றே ஒருவர் இருக்கிறார், பரராசசிங்கம் அண்ணை. உலகத்தின் எந்த மூலையில் மாப்பிள்ளை இருந்தாலும் தெரிந்தவர்களுக்குப் போன் அடித்து, குடிக்கிறவனா, கடன்காரனா என்று அறிந்து சொல்லிவிடுவார். அவருக்கு ஒரு குணம். ஒரு குறை அகப்பட்டால் போதும், அதோடு விசாரிப்பை நிறுத்திவிடுவார். மிச்சத்தைக் கேட்கப் பொறுமை கிடையாது.

பென்சில்வேனியாவில் அவருக்குத் தெரிந்த குருவிகூட இல்லை. ஆனால் பென்ஜமினின் பெரியம்மா ஒருத்தி தங்கள் வம்சாவளியை இணையத்தில் போட்டுவைத்திருந்தாள். அதில் முதல் ஆள் ஆடம் கெல்லர். அமெரிக்கா இன்னும் இங்கிலாந்து ராசாவின் கையில் இருந்த காலத்தில், ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர். அவர் பெயருக்குக் கீழே 1771ஆம் ஆண்டுக் கோர்ட்டுப் பதிவு ஒன்று. ஆடம் கெல்லர் பெண்சாதி கத்தரீனாவைக் கைவிட்டு ஓடிவிட்டான், அவள் பட்டினி கிடக்கிறாள், ஊர்தான் அவளைப் பராமரிக்க வேண்டும் என்று.

பரராசசிங்கம் அண்ணை அதோடு நிறுத்திவிட்டார்.

"மனிசியை விட்டிட்டு ஓடின பரம்பரை" என்றார் அத்தான். "என்ர பிள்ளையைக் குடுக்கமாட்டன்."

"அத்தான், உங்களுக்கென்ன விசரே? இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தின ஆள்!"

"ரத்தம் எண்டு ஒண்டு இருக்குப் பிரபா."

இன்னும் நாலு வார்த்தை நல்லாகக் கொடுத்திருப்பேன். ஆனால் அவருடைய பயம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய அக்காவின் புருஷன் சீதனக் காணியை விற்று, அந்தக் காசில் கனடாவுக்குப் போனவர், இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ஒரு கடிதம் கிடையாது. விற்பனை உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தது அந்த அக்காதான். நொத்தாரிசு வீட்டில் புருஷன், மாமனார், தகப்பன், தம்பியான அத்தான் எல்லாரும் சுற்றி நிற்கும்போது அவ என்னத்தைச் சொல்வா? இன்றைக்கும் சுன்னாகத்தில் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் ஒரு அறையில் இருக்கிறா.

கம்சனா எனக்குப் போன் எடுத்து அழுதாள். "சித்தி, அப்பா நிக்காமல் நான் தாலி கட்டமாட்டன். ஆனா பென்னைத் தவிர வேற ஒருத்தரையும் கட்டவும் மாட்டன்."

அவள் சொன்னால் சொன்னதுதான், தகப்பனின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. இரண்டு பிடிவாதத்துக்கு நடுவில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை சும்மா போகப்போகிறதே என்று நானே விசாரிக்க இறங்கினேன்.

நான் ஒரு நோட்டார், அதாவது ஜெர்மன் நொத்தாரிசு, அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காணி உறுதிதான் என் அன்றாடப் பிழைப்பு. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், ஒரு துண்டுக் காணி ஒரு இடத்தில்தான் இருக்கும். பெயரை விட்டுவிட்டுக் காணியைப் பிடித்துப் பார்ப்போம் என்று பென்ஜமினையும் கூட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் குந்தினேன். அந்த மாவட்டத்தின் பழைய காணிப் பதிவும் கோர்ட்டுப் பதிவும் படமாக இணையத்தில் கிடக்கின்றன. எழுத்து என்றால் கோழி கிளறினது போல. பென்ஜமின் எழுத்துக்கூட்டி வாசிக்க, நான் எல்லையையும் ஆளையும் குறித்துக்கொண்டு வந்தேன். அவன் பாவம், தன் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் செய்த வேலைக்குத் தான் என்ன செய்வது என்று முகம் செத்துப்போய் இருந்தான்.

வரிப் பட்டியலில் முதல் வெளிச்சம் தெரிந்தது. ஒரே வருடத்தில் இரண்டு ஆடம் கெல்லர். ஒருவன் நெசவுகாரன், காணி பூமி இல்லை. மற்றவன் வயல் செய்கிற கமக்காரன், ஆற்றோரம் காணி, மனைவி பெயர் மார்கரெத்தா. பென்ஜமினின் வம்சம் அந்த ஆற்றோரக் காணியில் வந்தது, அதில் சந்தேகமே இல்லை.

"ரெண்டும் ஒரே ஆள் எண்டு உன்ர அத்தான் சொல்லுவார்" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா. "ரெண்டு ஊர், ரெண்டு பெண்டில் எண்டுவார்."

சொல்வார்தான். எனவே கத்தரீனா வழக்குப் பதிவைத் திரும்ப எடுத்தேன். பரராசசிங்கம் அண்ணை அந்த ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டார் அல்லவா? நான் அடுத்த பக்கத்தைத் தட்டினேன். அதே கோர்ட்டு, அதே நாள், அன்றைக்கு இருந்த ஜூரிமாரின் பெயர்கள். நடுவில், ஆற்றோரத்துக் கமக்காரன் ஆடம் கெல்லர்.

"ஐயோ என்ர அம்மாளே!" என்று கத்திவிட்டேன். "ஓடிப்போனவனைத் தேடுற கோர்ட்டிலை, எங்கட ஆள் ஜூரியாக் குந்தியிருக்கிறார்!"

பென்ஜமினின் பெரியம்மா, ஒரே பெயரைக் கண்டதும், யாரோ ஒருவனுடைய பழியைத் தங்கள் பாட்டன் தலையில் கட்டிவிட்டிருக்கிறாள். பென்ஜமின் எழும்பி அக்காவைக் கட்டிப்பிடித்தான். அக்கா வெட்கத்தில் தேத்தண்ணி போட ஓடினாள்.

நான் அதோடு நிறுத்தவில்லை. அரைகுறை விசாரிப்பால்தானே இவ்வளவு வினையும். காணியின் பின்னாலேயே போனேன். 1774இல் ஆடம் கெல்லர் மறுபடி கோர்ட்டில் நிற்கிறார். முழுவதும் வாசித்து முடித்ததும் அத்தானை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிற்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் ஜூரிப் பட்டியலை மூக்குக் கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் பார்த்தார். "சரி, ஓடினவன் வேற ஆள். ஆனா இந்தாளும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாரே, அதென்ன?"

"அதைத்தான் சொல்லப்போறன். வடிவாக் கேளுங்கோ" என்றேன். "இவர் அந்தக் காணியை வித்துப்போட்டு, தெற்கே புதுசாக் காடு வெட்டப் போக ஆசைப்பட்டவர். விலையும் பேசியாச்சு. ஆனா அங்கத்தை முறை என்னெண்டா, மனிசியும் சம்மதிச்சால்தான் உறுதி முழுசாச் செல்லும். அதுவும் சும்மா இல்லை. நீதவான் புருசனை வெளியில அனுப்பிப்போட்டு, மனிசியைத் தனிய வைச்சுக் கேப்பார், உனக்கு உண்மையா விருப்பமோ எண்டு."

அத்தான் கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"மார்கரெத்தாவைக் கேட்டவை. அவ மாட்டன் எண்டிட்டா. விற்பனை குழம்பிச்சுது. வாங்க வந்தவன் வழக்குப் போட்டான். ஆடம் கெல்லர் நட்டத்தைக் கட்டிப்போட்டு அந்தக் காணியிலேயே இருந்தார். போகேல்லை. அங்கேயே செத்தவர்."

"மனிசி வேண்டாம் எண்டதுக்கு?"

"ஓம் அத்தான். மனிசி வேண்டாம் எண்டதுக்கு."

நான் அத்தானிடமிருந்து ஒரு 'சரி'யை எதிர்பார்த்தேன். அவரோ, "தனியவோ கேட்டவை?" என்று மெல்லத் திருப்பிக் கேட்டார். "எங்கட அக்காவை நாங்கள் எல்லாரும் சுத்தி நிண்டெல்லோ கேட்டனாங்கள்."

பிறகு எழுந்து கதவைத் திறந்தார். "எல்லாரும் வெளியில போங்கோ. பிள்ளை மட்டும் இரு."

அக்கா, நான், பென்ஜமின் மூன்று பேரும் குளிரில் பல்கனியில் நின்றோம். அத்தான் என்ன கேட்கிறார், அவள் என்ன சொல்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. பென்ஜமின் நகத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தான். "எல்லாம் சரியாத்தானே வந்தது, இப்ப ஏன் இந்த மனிசன் இன்னும் கேள்வி கேக்குது" என்று அக்கா முணுமுணுத்தாள். எனக்கும் அதே எரிச்சல்தான்.

கதவு திறந்தது. கம்சனா அழுதிருந்தாள். அத்தானின் கண்ணும் சிவந்திருந்தது.

"பென்ஜமின், உள்ளுக்கு வாரும்" என்றவர், தான் தொழிற்சாலையில் பழகிய ஜெர்மனில் நேராகவே சொன்னார். "பிள்ளைக்கு நீர் வேணுமாம். அமெரிக்கா வேண்டாமாம்."

அக்கா வாயில் கை வைத்தாள். பென்ஜமின் கம்சனாவைப் பார்த்தான். "எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் கேட்டேனே."

"கேட்டாய். உன் அம்மா, அப்பா, என் அம்மா, சித்தி எல்லாரும் மேசையில் இருந்து சிரிச்சுக்கொண்டிருக்கும்போது கேட்டாய். நான் என்னத்தைச் சொல்ல?"

அவன் அப்படியே கதிரையில் உட்கார்ந்தான். "இங்கே வேலையைத் தொடரலாம் என்றுதான் பேராசிரியர் சொன்னார். நீ போக ஆசைப்படுகிறாய் என்று நினைத்து அவரிடம் மாட்டேன் என்றேன்" என்றான். பிறகு தமிழில், "நாளைக்கு ஓம் எண்டு சொல்றன்" என்றான்.

கம்சனா அழுதுகொண்டே சிரித்து அவன் தலையில் ஒன்று போட்டாள். அப்பாடா!

"கமலம், ஐயரிட்டைச் சொல்லு, நாள் மாத்தத் தேவையில்லை" என்றார் அத்தான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "அக்காவையும் ஒருக்கா இப்பிடிக் கேட்டிருந்தா..."

அக்கா போய் அவர் முதுகில் கை வைத்தாள்.

"பிள்ளையைக் கேட்டிட்டியள்தானே" என்றாள். "அதுவே காணும்."