சுட்டி நேய்

என் மனைவி கோமதி கல்கத்தாவுக்கு வந்த புதிதில் டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு உளுந்து வாங்கப் போனாள். வெறும் பையோடு திரும்பி வந்தாள்.

"உளுந்து இருக்கான்னு கேட்டா நெய்யிங்கான். நெய் வேண்டாம், உளுந்து போதும்னு கையக் காட்டுதேன். மறுபடியும் நெய்யிங்கான். கடையில ஒரு டப்பா நெய்யக் கூடக் காணோம்."

வங்காளத்தில் நேய் என்றால் இல்லை. சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று மாலை லேக் மார்க்கெட்டுக்குப் போய் உளுந்து வாங்கினோம். அடுத்த துர்கா பூஜைக்குள் அவள் மாடிவீட்டு போவுதியோடு, அதாவது அண்ணியோடு, வங்காளத்தில் வம்பு பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வரவில்லை. "உங்க வங்காளம் ரேஷன் அரிசி மாதிரி. பாதி கல்லு" என்பாள்.

நான் வேலை பார்ப்பது ஓர் அரசு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில். எங்களுக்குச் சொந்த மெஷின் கிடையாது. வேறோர் அலுவலகத்தின் மெஷினில் பிற்பகலில் நேரம் ஒதுக்குவார்கள். புரோகிராமைத் துளைகளாகப் போட்ட கார்டுக் கட்டுகளை எடுத்துப் போய், ஓட்டிப் பார்த்து, தப்போடு திரும்பி வருவோம். யார் எந்த புரோகிராமை எழுதுவது, யார் மெஷினுக்குப் போவது என்று பிரித்துக் கொடுப்பது நான். எனக்கு மேலே மேனேஜர் வெங்கடராமன். எனக்குக் கீழே இருப்பவர்களில் கெட்டிக்காரன் ஷ்யாமல் கோஷ். என்னை மொஹாதேப்-தா என்பான். தாதா என்றால் அண்ணா; மஹாதேவன் அண்ணா என்று அர்த்தம். அந்நியர்களுக்குத்தான் பாபு.

போன மழைக்காலத்தில் ஸ்டோர்ஸ் கணக்கைக் கார்டுக்கு மாற்றும் வேலை கடைசிக் கட்டத்தில் இருந்தது. கோமதிக்கு மஞ்சள் காமாலை. முதலில் வீட்டில், பிறகு ஆஸ்பத்திரியில். அம்பாசமுத்திரத்திலிருந்து அவள் அம்மா வந்து கூட இருந்தார். நான் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு அலுவலகம் போவேன்.

மூன்று ஃபைல்களைச் சேர்க்கும் புரோகிராம் என்னுடையது. அது மட்டும் சரியாக வரவில்லை. ஒருநாள் மெஷின் அறைக்கு வெளியே ஷ்யாமல் கேட்டான்: "தாதா, ஆஸ்பத்திரியில போவுதி அப்படிக் கிடக்கிறாங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க? சுட்டி?"

சுட்டி என்றால் லீவு. எடுக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குச் சரியான சொல் நீனி. என் வாயில் வந்தது நேய்.

"சுட்டி நேய்."

லீவு இல்லை. லீவு கிடையாது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். என்ன புரிந்துகொண்டான் என்றும் தெரிந்தது. கோமதி இருந்தால் அங்கேயே திருத்தியிருப்பாள். நான் திருத்தவில்லை. மெஷின் அறைக் கதவு திறந்தது, உள்ளே போனேன்.

அன்று பிற்பகல் புரோகிராம் ஓடியது. பிரிண்டரிலிருந்து காகிதம் வந்துகொண்டிருக்கும்போது வெங்கடராமன் போனில் கூப்பிட்டார். கோமதி போய்விட்டாள்.

கேவ்டாதலா சுடுகாட்டுக்கு வெங்கடராமன் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். என் பிரிவு ஆட்கள் அவர் அருகில் போகவில்லை. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் என்பதால் என்று அவர் நினைத்திருப்பார்.

சொல் தன் பாட்டுக்கு வளர்ந்தது. ஷ்யாமல் இன்னொருவரிடம் சொல்ல, அது கேன்டீனுக்குப் போய், அங்கிருந்து யூனியனுக்குப் போனது. சாகக் கிடக்கும் மனைவியைப் பார்க்க லீவு மறுத்த மதராஸி மேனேஜர். என்னிடம் யாரும் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவனைக் கேட்கக் கூடாது என்ற மரியாதை. அந்த மரியாதைக்குள் நான் சௌகரியமாக இருந்தேன். கேன்டீனில் எனக்கு டீ தானாக வந்தது. ஷ்யாமல் என் வேலையில் பாதியைக் கேட்காமலே செய்தான்.

போன வாரம் வெங்கடராமனை கெராவ் செய்தார்கள். அவர் அறைக்குள் புகுந்து, அவரை வெளியே விடாமல் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கோரிக்கைகள் பல. கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புது ஆட்கள் எடுக்கக் கூடாது, விடுமுறை நாளில் வேலை வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வெங்கடராமனை மாற்ற வேண்டும். மற்றதைப் பிறகு பேசலாம், லீவு விஷயம் உண்மையானால் அவரை அஸ்ஸாம் டெப்போவுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று ஜெனரல் மேனேஜர் போனில் ஒப்புக்கொண்டுவிட்டார். அஸ்ஸாம் டெப்போ தண்டனைக்கு இருக்கும் இடம். அங்கே போனவர் நல்ல பெயரோடு திரும்பியதில்லை.

ஷ்யாமல் என் மேஜைக்கு வந்தான்.

"தாதா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வந்து எங்ககூட நின்னா போதும்."

போனேன். கரண்ட் இல்லை. ஃபேன் நின்றிருந்தது. ஜன்னல் வரை ஆட்கள். எனக்கு வழி விட்டார்கள். நாற்காலியில் வெங்கடராமன் சட்டை உடம்போடு ஒட்ட உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. மேஜையில் டிபன் டப்பா திறக்காமல் இருந்தது.

அக்கவுன்ட்ஸில் இருக்கும் யூனியன் செயலாளர் பிமல் பாபு என் தோளில் கை வைத்தார்.

"கம்ப்யூட்டர் வந்தா மனுஷங்க போவாங்கன்னு அன்னிக்கே சொன்னோம். முதல்ல போனது இவரோட சம்சாரம்."

கூட்டம் முனகியது. வெங்கடராமன் என்னைப் பார்த்தார். தமிழில் கேட்டார்.

"மஹாதேவன், நீங்க எங்கிட்ட லீவு கேட்டேளா?"

"இல்ல சார்."

"நானும் அதைத்தான் யோசிக்கறேன். ஒருவேளை நீங்க கேட்டு, நான் ஏதோ ஞாபகத்தில முடியாதுன்னு சொல்லிட்டேனோன்னு. ராத்திரியெல்லாம் அதே யோசனை."

"கேக்கல சார்."

"அப்போ இவா ஏன் இப்படிச் சொல்றா?"

"நான் சொன்ன ஒரு வார்த்தை சார்."

"மதராஸி பாஷையில என்ன மிரட்டறார்?" என்றார் பிமல் பாபு. "வங்காளத்தில பேசச் சொல்லுங்க. நமக்கும் புரியட்டும்."

"மிரட்டல" என்றேன். பிறகு சொல்ல வேண்டியதை வங்காளத்தில் சொல்லப் பார்த்தேன். நீனி என்ற சரியான சொல்லை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஷ்யாமலின் கண் நனைந்திருந்தது.

"அமி... சுட்டி... நேய்."

நான், லீவு, இல்லை. மறுபடியும் அதே நேய். அறை அதிர்ந்தது. சுட்டி நேய், சுட்டி நேய் என்று யாரோ எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சோல்பே நா, நடக்காது என்று முடித்தார்கள். காரிடாரில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் மனைவியின் சாவுக்குத் தாளம் கிடைத்துவிட்டது. வெங்கடராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

கோமதி சிரித்தது ஞாபகம் வந்தது. கடையில ஒரு டப்பா நெய்யக் கூடக் காணோம்.

மேஜையைத் தட்டினேன். டிபன் டப்பா கீழே விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்தில் கோஷம் நின்றது. இங்கிலீஷில் சொன்னேன். அதில் எனக்குத் தப்பு வராது. நான் லீவு கேட்கவே இல்லை. இவர் மறுக்கவே இல்லை. நான் தப்பாகச் சொன்னேன், நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டது எனக்கு அன்றே தெரியும்.

பிமல் பாபு தோளிலிருந்து கையை எடுத்தார்.

"அஸ்ஸாமுக்குப் போடறேன்னு யாராவது உங்களையும் பயமுறுத்தினாங்களா?"

"இல்ல."

"இப்பச் சொல்றதுக்கு என்ன வந்தது?"

ஒருவர் எழுந்தார். பிறகு இன்னும் சிலர். மற்ற கோரிக்கைகளுக்காகக் கொஞ்சம் பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பிமல் பாபு ஜெனரல் மேனேஜருக்கு போன் செய்து, வெங்கடராமனை மாற்றும் கோரிக்கையை விட்டுவிடுவதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அலுப்பு இருந்தது. வெங்கடராமன் குனிந்து டப்பாவை எடுத்தார். தயிர் சாதம் தரையில் கொட்டியிருந்தது. காகிதத்தால் அவரே துடைத்தார்.

படிக்கட்டில் ஷ்யாமல் என்னைப் பிடித்தான்.

"ஏன் கேக்கல?"

அந்த ஒரு கேள்வியைத்தான் இத்தனை நாளும் யாரும் கேட்காமல் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் கண் மஞ்சளாக இருந்தது. பார்க்க முடியவில்லை. மெஷின் அறை குளுகுளுவென்று இருந்தது. அங்கே நான் எழுதியது எழுதிய வரிசையில் நடந்தது. இதை எந்த பாஷையில் சொல்வது?

"புரோகிராம் ஓடல" என்றேன்.

"எங்கிட்டக் குடுத்திருக்கலாமே. அந்த புரோகிராம் எனக்குத் தெரியும். மூணாவது ஃபைல் வரிசையா வரலைன்னு நான் பார்த்திருந்தேன். நீங்க கேட்டா சொல்லலாம்னு காத்திருந்தேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உனக்கு வரும்னு தெரியும். அதனாலதான் குடுக்கல."

கீழே தெருவில் டிராம் மணி அடித்தது. அவன் இறங்கிப் போனான்.

மறுநாள் காலை அந்தக் கார்டுக் கட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். ரப்பர் பேண்ட் இற்றுப் போயிருந்தது. புதிதாகக் கட்டி, ஷ்யாமல் மேஜையில் வைத்தேன்.

"இனிமே இது உன்னோடது. எந்த மாத்தம் வந்தாலும் நீயே பண்ணு."

அவன் கட்டைத் திருப்பிப் பார்த்தான். கார்டுகளின் விளிம்பை விரலால் தட்டிச் சரி செய்தான். தலை நிமிரவில்லை.

"சரி, மொஹாதேப்-பாபு" என்றான்.